அசோகமும் நெட்டிலிங்கமும்: ஒரே நாற்றங்காலில் இரண்டு மரங்கள்

நாகர்கோவில் பக்கத்து நர்சரிகளில் அசோகா என்று கேட்டால் எடுத்து நீட்டுவது நெட்டிலிங்கக் கன்றைத்தான். கேட்பவருக்கும் பெரும்பாலும் அதுதான் வேண்டும் என்பதால் யாருக்கும் பிரச்சினை இல்லை. மதில் ஓரமாக வரிசை கட்டி, கிளைகளைக் கீழே தொங்கவிட்டு நெடுநெடுவென்று நிற்கும் மரம் அது. எனக்கு வேண்டியது மற்றது. ஆரஞ்சும் சிவப்புமாகப் பூத்து, ராத்திரியில் மணக்கும் அசல் அசோகம். பழைய தமிழில் பிண்டி என்பதும், சமணர் தங்கள் அருகக் கடவுளுக்கு நிழல் தரும் மரமாகச் சொல்வதும் அதைத்தான்.

2017 நவம்பர் கடைசியில் வந்த ஓகிப் புயலில் எங்கள் வீட்டு வளாகத்தில் பாதி மரம் போய்விட்டது. மிஞ்சியது கிழக்குப் பக்கம் ஒரு பெரிய பலா. அதன் அடியில் நாள் முழுக்க நிழல். மேற்கு மதில் ஓரம் நேர்மாறு, மதியத்துக்கு மேல் கால் வைக்க முடியாத வெயில். இப்படி இரண்டு விதமான இடம் கையில் இருந்ததால், இரண்டு மரத்தையுமே விதையிலிருந்து வளர்த்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். ஒன்று அழியும் ஆபத்தில் இருப்பதாகப் பட்டியலில் ஏறிய மரம். இன்னொன்று தெருவுக்குத் தெரு நிற்கிற மரம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் எங்கே தொடங்குகிறது என்று தெரியுமே என்பதுதான் எண்ணம்.

முதலில் அடையாளம். இதில் குழப்பமே வரக்கூடாது, ஏனென்றால் இரண்டும் சொந்தபந்தமே இல்லாதவை. நெட்டிலிங்கம் சீத்தாப்பழக் குடும்பம். அசோகம் புளி, கொன்றை, அவரை எல்லாம் இருக்கும் குடும்பம். கன்றிலேயே பிரித்துவிடலாம். நெட்டிலிங்கத்துக்குத் தனியிலை: நீளமாக, கூராக, ஓரம் அலை அலையாக இருக்கும். அசோகத்துக்குக் கூட்டிலை: ஒரு காம்பில் இரண்டிரண்டாக எதிரெதிரே சிற்றிலைகள், நுனியில் ஒற்றையாக எதுவும் கிடையாது. சிற்றிலை ஒன்றை மட்டும் கிள்ளிக் காட்டினால் ஏமாற வாய்ப்பு உண்டு. எனவே காம்பின் அடிவரை பார்க்க வேண்டும். பூத்த மரம் என்றால் பேச்சே வேண்டாம். நெட்டிலிங்கப் பூ வெளிர்பச்சை, ஆறு ஒல்லி இதழ், இலையோடு இலையாக மறைந்து கிடக்கும். பூத்ததே பல வீடுகளில் தெரியாது. அசோகப் பூவுக்கு உண்மையில் அல்லியிதழே இல்லை. நாம் இதழ் என்று நினைப்பது நிறம் மாறிய புல்லிதழ், நான்கு மடலாக விரியும். அதிலிருந்து மகரந்தக் கம்பிகள் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மஞ்சளாகத் திறந்து, ஆரஞ்சாகி, சிவப்பில் முடிவதால் ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். கிளை நுனியில் மட்டுமல்லாமல் முற்றிய தடித்த கிளைகளிலும் பூ கொத்தாக வெடிக்கும்.

பெயர்ப் பலகையை நம்புகிறவர்களுக்கு ஒரு சொல். பழைய புத்தகங்களிலும் சில தோட்டங்களிலும் அசோகத்துக்கு சராகா இண்டிகா என்று எழுதியிருக்கும். 1960-களில் டி வில்டே என்ற தாவரவியலாளர் பிரித்துக் காட்டிய பிறகு, நம் நாட்டு அசோகம் சராகா அசோகா. இண்டிகா என்பது தென்கிழக்காசியாவின் வேறு இனம், பெயரில் இந்தியா இருந்தாலும். அலங்காரத்துக்காக வெளிநாட்டுச் சராகாக்களையும் விற்கிறார்கள் என்பதால், விதை எடுக்கும் தாய்மரம் எதுவென்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அந்தத் தாய்மரம் கிடைத்தது எங்கள் ஊர் ஆசான் ஒருவரின் விளையில். வர்ம வைத்தியம் பார்க்கிறவர். அவருடைய அப்பா காலத்து மரம், கிணற்றடியில், தென்னைகளின் நிழலில் நிற்கிறது. மாசி, பங்குனியில் பூத்துக் குலுங்கியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். காய் தட்டையாக, தோல் மாதிரித் தடிப்பாக, இளசில் செவ்வூதா நிறத்தில் தொங்கும். பழுப்பேறி, முறுக்கிக்கொண்டு வெடித்தால் விதை கீழே விழும். தென்மேற்கு மழை பிடித்தபின் போனபோது கீழே கிடந்ததில் நல்லது குறைவு, பலவற்றில் பூச்சி துளைத்திருந்தது. அதனால் வெடிக்கும் பருவத்தில் இருந்த காய்களைக் கொக்கி கட்டிப் பறித்தோம். விதை பெரியது, தட்டை, கையில் எடுத்தால் கனம் தெரியும்.

"வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய வச்சிராதே மக்களே. காய்ஞ்சா செத்துப்போவும். அன்னைக்கே போட்டுரணும்" என்றார் ஆசான்.

"ஒரு வாரம் வச்சிருந்தா ஆவாதா ஆசானே?"

"ரப்பர் விதைய ஒரு மாசம் திண்ணையில வச்சிட்டுப் போட்டுப் பாரு, அப்பத் தெரியும்."

குமரி மாவட்டத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ரப்பர், பலா, மா எல்லாமே இந்த வகை. நெல், உளுந்து மாதிரி உலர்த்திச் சேமிக்க முடியாது. ஈரம் ஒரு அளவுக்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். இருந்தாலும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று விதையை மூன்றாகப் பிரித்தேன். பெரும்பங்கை அன்று இரவே தண்ணீரில் ஊறவைத்து மறுநாள் காலையில் விதைத்தேன். ஒரு பங்கை ஈர மணலில் புதைத்து, மண்சட்டியில் பலாவடியில் வைத்தேன். மீதியைக் காகிதக் கவரில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

நெட்டிலிங்க விதைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழம் கறுத்துப் பழுக்கும் காலத்தில் வௌவால்கள் கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து எங்கள் பலாவில் தொங்கித் தின்றுவிட்டு, காலையில் கொட்டையைத் திண்ணை வரை சிதறிப் போட்டிருக்கும். சதை சுத்தமாகப் போயிருப்பதால் கழுவும் வேலைகூட இல்லை. கொட்டையைச் சுற்றி நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். உள்ளே பாக்கை வெட்டினால் தெரிவது போன்ற வரிவரியான மடிப்பு. சீத்தா விதையிலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். அசோக விதையை வெட்டினால் அப்படி எதுவும் இல்லை, இரண்டு தடித்த பருப்பு மட்டும்.

கலவை இரண்டுக்கும் ஒன்றே: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மண் இறுகாமல் இருக்கக் கொஞ்சம் தென்னைநார்க் கழிவு. அசோகத்துக்கு உயரமான கறுப்புக் கவர் எடுத்துக்கொண்டேன். வேர் ஆழமாகப் போகும், சின்னக் கவரில் கீழே சுருண்டுவிடும். அடியிலும் பக்கத்திலும் நன்றாகத் துளை போட வேண்டும். நம் ஊர் ஆடி மழையில் தண்ணீர் தேங்கினால் விதை அழுகுவதற்கு இரண்டு நாள் போதும். அசோக விதையைப் படுக்க வைத்து, அதன் கனத்துக்கு மேல் விரற்கடை மண் மூடினேன். மேலே காய்ந்த பலா இலை ஒரு அடுக்கு. பூவாளியால் தினம் ஒரு முறை தண்ணீர், மழை நாளில் அதுவும் இல்லை.

அசோகம் சுமார் மூன்று வாரத்தில் தலை காட்டத் தொடங்கியது, ஒரே நாளில் எல்லாம் வரவில்லை. முதல் கன்றுக்கும் கடைசிக் கன்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி. உடனே விதைத்ததில் பாதிக்கு மேல் முளைத்தது. ஈர மணலில் இருந்தவை சட்டிக்குள்ளேயே வேர் விட்டுவிட்டன, அவற்றை மெதுவாக எடுத்துக் கவருக்கு மாற்றினேன். அலமாரியில் இருந்தவற்றை மாதம் கழித்து விதைத்தேன். ஒன்றுகூட வரவில்லை, தோண்டிப் பார்த்தால் உள்ளே பொடி. நெட்டிலிங்கத்திலும் புதுக் கொட்டைதான் நன்றாக வருகிறது. ஆனால் அங்கே கணக்குப் பார்க்கவே தோன்றவில்லை. கவரில் போட்டது ஒரு பக்கம் இருக்க, வௌவால் போட்டது வாய்க்கால் ஓரத்திலும் ரோஜாத் தொட்டியிலும் தானாகவே முளைத்துக்கொண்டிருந்தது.

இந்த விதைக் குணத்துக்கும் பாதுகாப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அரிய செடிகளைக் காப்பாற்ற உலகம் முழுக்க நம்பியிருக்கும் வழி விதை வங்கி: விதையை நன்றாக உலர்த்தி, மைனஸ் 18 டிகிரிக் குளிரில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். உலர்ந்தால் சாகும் விதைக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அசோகத்தைக் காக்க வேண்டுமென்றால் அதை மரமாகத்தான் வைத்திருக்க வேண்டும், காட்டிலோ தோட்டத்திலோ. காட்டில் நிற்கும் தாய்மரம் அந்த வருஷம் காய்க்கவில்லை என்றால், போன வருஷத்து விதை மண்ணில் காத்திருந்து முளைக்கும் வாய்ப்பும் இல்லை.

அடுத்தது தளிர். அசோகக் கன்று இரண்டாவது மூன்றாவது இலை விடும்போது வீட்டுக்கு வருகிற எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "தண்ணி ஊத்தலியா? வாடிப்போச்சே." புதுத்தளிர் அப்படித்தான் வரும். செம்பு நிறத்தில், எலும்பே இல்லாததுபோலத் துவண்டு, நேர் கீழே தொங்கும். பச்சையம் பிறகுதான் சேரும். சில நாளில் இலை நிமிர்ந்து, விறைத்து, கரும்பச்சையாகும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றில் இந்தப் பழக்கம் உண்டு. வாட்டம் என்று நினைத்து ஊற்றி ஊற்றி வேரை அழுகவைத்த கதை பக்கத்து வீடுகளில் கேட்டிருக்கிறேன். சந்தேகம் வந்தால் கீழ் இலையைத் தொட்டுப் பாருங்கள். அது விறைப்பாக இருந்தால் செடி நலம்.

அப்புறம் வெளிச்சம். இரண்டு இனத்திலும் கன்றுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தேன். ஒரு கூட்டம் பலாவடியில், இன்னொரு கூட்டம் மேற்கு மதில் ஓரத்தில். மழைக்காலம் முழுக்கப் பெரிய வித்தியாசம் இல்லை. தை பிறந்து வெயில் ஏறியதும் கதை மாறியது. மதில் ஓரத்து அசோகத்தின் இலை ஓரமெல்லாம் தீய்ந்து, வந்த தளிர் நிமிர்வதற்கு முன்பே கருகியது. பங்குனிக்குள் அந்தக் கூட்டத்தில் பாதி போய்விட, மீதியைப் பச்சை நிழல்வலைக்குக் கீழே நகர்த்தினேன். பலாவடியில் இருந்தவை ஒரு சேதமும் இல்லாமல் நின்றன, வளர்ச்சி மட்டும் ரொம்ப மெதுவு. நெட்டிலிங்கம் இதற்கு நேரெதிர். நிழலில் ஒல்லியாக இழுத்துக்கொண்டு போனது, வெயிலில் தண்டு தடித்து, இலை மினுமினுத்தது. வாரம் ஒரு தண்ணீர் தவறினாலும் கவலைப்படவில்லை.

அசோகம் காட்டில் எங்கே வளர்கிறது என்பதைப் பார்த்தால் இது ஆச்சரியமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பசுமைமாறாக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில், ஓடைக் கரைகளில் வளரும் நடுத்தர மரம் அது. கிழக்கு இமயமலை அடிவாரம், மேகாலயா, வங்கதேசம், மியன்மார், இலங்கை என்று பரப்பு பெரிதுதான், ஆனால் இருக்கும் இடமெல்லாம் திட்டுத் திட்டாக. மேல் மரத்தை வெட்டிக் காட்டைத் திறந்துவிட்டால், அசோகத்தை யாரும் தொடாவிட்டாலும் அதன் கன்றுகளுக்கு என் மேற்கு மதிலில் நடந்ததுதான் நடக்கும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அசோகம் அழிவாய்ப்பு இனம் என்ற படியில் இருக்கிறது. அதற்கு மேலே அருகிய இனம், மிக அருகிய இனம் என்று இன்னும் மோசமான படிகள் உண்டு. இந்த மதிப்பீடு நடந்தது 1998-ல். அப்போது பின்பற்றியது 1994-ன் விதிமுறை. 2001-ல் விதிமுறையே மாறிவிட்டது. அசோகத்தைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் பட்டியலைத்தான் காட்டுகிறார்கள், நானும் காட்டுகிறேன். ஆனால் ஒரு தலைமுறை பழைய மதிப்பீட்டை வைத்துக்கொண்டு இன்றைய நிலையைப் பேசுகிறோம் என்பதை மறக்கக்கூடாது. நடுவில் எத்தனை காடு போனது, எத்தனை மரம் பட்டை உரிபட்டது என்பது அதில் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தப் பட்டியலுக்குக் கணக்கில் வருவது அதனதன் இயல்பான இடத்தில் தானாக வளரும் மரங்கள். வீட்டிலும் பூங்காவிலும் கோயில் நந்தவனத்திலும் நட்டவை சேராது. நான் பத்துக் கன்று வளர்த்தாலும் நூறு வளர்த்தாலும் அசோகத்தின் படி ஒரு இஞ்ச்கூட நகராது. இதே அளவுகோலை நெட்டிலிங்கத்துக்கு வைத்துப் பாருங்கள். அதுவும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான காட்டு மரம்தான். காட்டில் அது நாம் பார்க்கும் உருவத்தில் இருக்காது. கிளையை அகல விரித்து, நிழல் தரும் மரமாக நிற்கும். தொங்குகிளை வகை மனிதன் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. நம் தெருக்களில் நிற்கும் ஆயிரமாயிரம் தொங்குகிளை மரங்கள் காட்டு நெட்டிலிங்கத்தின் நலத்துக்குச் சாட்சி ஆகாது. நிறைய இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிவதும், காட்டில் நன்றாக இருக்கிறது என்பதும் வேறு வேறு. வௌவால் போட்ட கொட்டையில் வந்த என் கன்றுகளிலேயே சில, கிளையைத் தொங்கவிடாமல் பக்கவாட்டில் நீட்டுகின்றன. அவற்றை மட்டும் தனியே குறித்து வைத்திருக்கிறேன். மதிலுக்கு ஆகாது, ஆனால் எனக்கு அவைதான் பிடித்திருக்கிறது.

அசோகத்துக்கு நிழல் போவது, விதை காய்வது ஆகியவற்றை விடப் பெரிய பகை பட்டை வியாபாரம். மாதவிடாய்க் கோளாறுகளுக்குக் கொடுக்கும் அசோகாரிஷ்டத்தின் மூலப்பொருள் இதன் பட்டை. ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் வியாபாரமாகும் இந்திய மூலிகைகளின் பட்டியலில் இதுவும் ஒன்று. இலையோ பூவோ என்றால் மரம் மறுபடி விடும். பட்டை அப்படியில்லை. இலை சமைத்த உணவு கீழே வேருக்குப் போகும் பாதை பட்டையின் உள்ளடுக்கில்தான் இருக்கிறது. சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து, மரம் நின்ற நிலையில் காயும். காட்டில் அவசரமாக எடுப்பவர்கள் சுற்றி உரிப்பார்கள், அல்லது மரத்தையே சாய்த்துவிட்டு நிதானமாக உரிப்பார்கள். கை எட்டும் உயரத்தில் தடித்த பட்டை உள்ள மரமே விதை தரும் தாய்மரமும்.

நெட்டிலிங்கம் இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான். அசோகப் பட்டை போதாத இடத்தில் நெட்டிலிங்கப் பட்டை கலக்கப்படுவது மருந்தியல் ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருவது. டி.என்.ஏ. சோதனையில் சந்தைப் பட்டைகளைப் பார்த்தபோது அசோகமே அல்லாதவை நிறைய இருந்ததும் வெளியாகியிருக்கிறது. ஒரு நாட்டு மருந்துக் கடையில் அசோகப் பட்டை என்று வாங்கி, ஆசானின் மரத்தில் காற்றுக்கு ஒடிந்த கிளையின் பட்டையோடும், கழித்துவிட்ட நெட்டிலிங்கக் கிளையின் பட்டையோடும் வைத்துப் பார்த்தேன். அசோகப் பட்டையின் வெளிப்புறம் கருமை கலந்த பழுப்பு, விரலால் தடவினால் சின்னச் சின்னப் புடைப்புகள் தட்டுப்படும், உட்புறம் செம்பழுப்பு. நெட்டிலிங்கப் பட்டை வெளியே சாம்பல் ஓடி, ஒப்புநோக்க வழவழப்பு. உள்ளே மஞ்சள் சாயல், நார் நாராகப் பிரியும். கடையில் வாங்கியது ஆசானின் பட்டையோடு சேரவில்லை என்பது வரை சொல்வேன். அது என்ன மரம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பொடியாக வாங்கினால் இந்தப் பார்வைச் சோதனையும் கிடையாது. நுண்ணோக்கியும் ஆய்வகமும்தான் வழி.

ஆசானிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தார், ஒரு துண்டைக் கடித்தும் பார்த்தார். "இது அசோகம் இல்ல" என்று துப்பிவிட்டு, "இப்பம் எல்லாம் இப்படித்தான்" என்றார். போலி கலப்பதால் அசல் மரம் தப்பிக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம், நானும் யோசித்தேன். அப்படி நடப்பதாகத் தெரியவில்லை. கலப்படம் அசோகத்தின் தட்டுப்பாட்டை மறைத்துவிடுகிறது. கடையில் எப்போது கேட்டாலும் பட்டை கிடைத்தால், காட்டில் மரம் குறைந்தது யாருக்கும் உறைக்காது, நட்டு வளர்க்க வேண்டும் என்ற நெருக்கடியும் வராது. மருந்தை நம்பிச் சாப்பிடும் பெண்ணுக்கு நேரும் மோசடி தனி.

ஆசான் தன் மரத்தில் பட்டை எடுக்கும் விதத்தையும் பார்த்துக்கொண்டேன். நடுத்தண்டைத் தொடுவதே இல்லை. கவாத்து செய்யும் கிளையிலிருந்து மட்டும் எடுக்கிறார். நடுத்தண்டில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், நிலைத்த அறுவடைக்கு மூலிகைத் துறையினர் சொல்லும் முறை இதுதான்: குறுகலான பட்டையாக நெட்டுவாக்கில், ஒரு பக்கம் மட்டும், உள்மரத்தைக் கீறாமல் எடுத்து, அது மூடி வளர்ந்த பிறகே எதிர்ப்பக்கத்துக்குப் போவது. மரம் தழைக்கும், பொறுமைதான் வேண்டும். காட்டில் கூலிக்கு உரிப்பவருக்கு அந்தப் பொறுமைக்குக் காசு யாரும் கொடுப்பதில்லை.

நடவுக்கு வருவோம். அசோகக் கன்றுகளை இரண்டாவது மழைக்காலம் வரை கவரிலேயே வைத்திருந்து, ஒருமுறை பெரிய கவருக்கு மாற்றி, ஆனி மழை நன்றாகப் பிடித்தபோது நட்டேன். இரண்டடிக்கு இரண்டடி குழி, மேல்மண்ணோடு தொழு உரம். பலாவின் தண்டுக்கு மிக அருகில் வைக்கவில்லை, அதன் தடித்த வேர்கள் போட்டிக்கு வரும். கிளை நிழல் விழும் ஓரத்தில் வைத்தேன். கன்றுக்குக் கன்று பன்னிரண்டடி. அடியில் சருகு மூடாக்கு அரையடிக்குக் குறையாமல், ஆனால் தண்டை ஒட்டாமல். கிணற்றடித் தண்ணீர் வழிந்து வரும் சின்ன வாய்க்காலை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன். ஓடைக்கரை மரத்துக்கு இதைவிட நல்லது நம்மால் செய்ய முடியாது. கோடையில் வாரம் இரண்டு தண்ணீர். உரம் என்று தனியாக எதுவும் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை தொழு உரம் போதும்.

நெட்டிலிங்கத்துக்கு இவ்வளவு எழுத ஒன்றுமில்லை. மதில் ஓரம் குழி, கன்று, தண்ணீர், முடிந்தது. மேலே மின்கம்பி போகும் இடம் மட்டும் விட்டுவிடுங்கள், இல்லையென்றால் சில வருஷத்தில் மின்வாரியத்தார் வந்து தலையை வெட்டிவிட்டுப் போவார்கள்.

பூச்சி இரண்டிலும் வந்தது, விரட்டவில்லை. நெட்டிலிங்க இலையைத் தின்றது கிராபியம் அகமெம்னான் என்ற பட்டாம்பூச்சியின் புழு. கறுப்புச் சிறகில் பச்சைப் புள்ளி, பூவில் உட்கார்ந்தாலும் சிறகடிப்பதை நிறுத்தாது. சீத்தா, நெட்டிலிங்கம் போன்ற ஒரே குடும்பத்து இலைகள் அதற்குப் பிடிக்கும். நர்சரிக்காரர் மருந்தடிக்கச் சொன்னார். ஒரு கன்று பாதி இலையை இழந்தது, அடுத்த மழையில் எல்லாம் திரும்ப வந்தது. அசோகத்தில் துவண்டு தொங்கும் இளந்தளிரை ஏதோ சின்னப் புழு கரும்பியது, இலை பச்சையாகி விறைத்ததும் விட்டுவிட்டது. தளிர்ப் பருவத்தில் மட்டும் காலையில் ஒரு பார்வை பார்த்து, அளவுக்கு மீறினால் கையால் எடுத்துப் போட்டேன். கம்பளிப்புழு விஷயத்தில் மட்டும் எனக்குத் தாராளம் கிடையாது.

இப்போது நிலைமை: நெட்டிலிங்கம் மதிலைத் தாண்டிவிட்டது. அசோகம் இடுப்பளவு, சிலது அதற்கும் கீழே. விதையிலிருந்து வந்த அசோகம் பூக்க ஆறேழு வருஷமாவது ஆகும் என்பதால் பூ பற்றிச் சொல்ல இன்னும் ஒன்றும் இல்லை. மீதிக் கன்றுகளைக் கொடுத்தபோது எல்லோரிடமும் ஒரே நிபந்தனைதான்: அரைநாள் நிழலும் கோடைத் தண்ணீரும் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வாசலில் வெயிலில் வைப்பதாக இருந்தால் நெட்டிலிங்கம் தருகிறேன். நிறையப் பேர் நெட்டிலிங்கமே வாங்கிப் போனார்கள். அதுவும் சரிதான்.

என் அசோகம் எல்லாமே ஒரே தாய்மரத்தின் பிள்ளைகள் என்பது ஒரு குறை. ஒரே மரத்து விதையை ஊர் முழுக்கப் பரப்பினால் ஊர் முழுக்க உடன்பிறப்புகளே நிற்கும். நோயோ வறட்சியோ வந்தால் எல்லாம் ஒரே மாதிரி அடிபடும். காட்டுக்குள் போய் விதை பொறுக்க வனத்துறை அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் காட்டு விதை காட்டுக்கே இருக்கட்டும் என்றுதான் படுகிறது. அதனால் பழைய வீட்டு விளைகளிலும் கோயில் வளாகங்களிலும் நிற்கும் மரங்களைத் தேடுகிறேன். ஆசான் இரண்டு இடம் சொல்லியிருக்கிறார், ஒன்று குலசேகரம் பக்கம். மாசியில் போய்ப் பூவைப் பார்த்து இனத்தை உறுதி செய்துவிட்டு, மழையில் காய்க்குப் போவதாகப் பேச்சு. இந்த முறை ஒவ்வொரு கவரிலும் தாய்மரத்தின் ஊரையும் பறித்த மாதத்தையும் அழியாத மையில் எழுதி வைப்பேன், கன்று வாங்குகிறவருக்கும் அதே சீட்டு போகும்.